இடி ஓய்ந்த பிறகு ஒரு மணி நேரம்

ஈராண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்குப் பதினொரு நாள் இருந்தபோது, சித்தியவானில் என் மாமாவின் பேனர் கடையில் ஓர் அச்சுத் தலை ஒரே நொடியில் எரிந்து போனது. அது பழைய தலையன்று. அன்று காலையில்தான் ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்த புத்தம் புதிய தலை. அதை இயந்திரத்தில் இணைத்தது என் கை. பருவ விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்தேன். மின்னியல் பொறியியல் படிக்கும் பிள்ளை என்ற நம்பிக்கையில் மாமா என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தார். "பாப்பா, நாளைக்குப் பத்து பேனர் குடுத்தாகணும், சீக்கிரம் மாட்டு" என்றார். மாட்டினேன். விசையைத் தட்டினேன். மெல்லிய கருகல் வாடை வந்தது. அவ்வளவுதான்.

"மின்னல் அடிச்சுக் கெட்டுப்போச்சு" என்றுதான் மாமா இன்றும் பிறரிடம் சொல்கிறார். என் மனம் நோகக்கூடாது என்பதற்காக அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் உண்மை வேறு. மின்னல் அடித்தது முந்திய நாள் மாலையில். அது கெடுத்தது பவர் சப்ளையையும் மெயின் போர்டில் இருந்த இரண்டு சிறிய டிரான்சிஸ்டர்களையும். புதிய தலையைக் கெடுத்தவர்கள் நாங்கள்தான். அந்த இயந்திரத்திற்கு இன்னும் இரண்டாண்டுத் தவணை பாக்கி இருந்தது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு நொடியே. இன்று நம்மவர் பலர் சிறு பட்டணங்களில் பேனர், ஸ்டிக்கர் அச்சிடும் தொழிலில் இருக்கிறார்கள். கோயில் திருவிழா, திருமணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, நம் கழகத்தின் கலை இரவு என எதற்கும் பேனர் இல்லாமல் முடிவதில்லை. அந்தத் தொழிலின் முதலீடு முழுவதும் ஒரே இயந்திரத்தில் அடங்கியிருக்கிறது. மின்னெழுச்சி அந்த இயந்திரத்தை எப்படித் தாக்குகிறது, தாக்கிய பிறகு என்ன செய்ய வேண்டும், தாக்காமல் எப்படிக் காப்பது என்பனவற்றை நான் பட்டறிந்த வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

தீபாவளி மாதமும் இடி மாதமும்

உலகிலேயே இடி மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் சில இடங்களில் ஆண்டுக்கு 180 நாளுக்கும் மேல் இடி முழக்கம் கேட்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களிலும் நவம்பர் தொடக்கத்திலும் இது உச்சத்தை அடையும். காலையில் வெயில் நிலத்தைச் சுடும். பிற்பகலில் மேகம் திரளும். மூன்று, நான்கு மணிக்கெல்லாம் இடி இறங்கும். சித்தியவான், ஆயர் தாவார், லூமுட் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பேனர் கடைக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. தீபாவளி வருவதும் அக்டோபர், நவம்பரில்தான். இயந்திரம் இரவு பகலாக ஓடவேண்டிய மாதமும் மின்னல் மிகுந்த மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பங்கோர் தீவின் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலய மாசி மகத்திற்கு அச்சிடும்போது இந்த அளவுக்கு அச்சம் இருப்பதில்லை.

எங்கள் ஊருக்கு அருகில் லெக்கிர் கடலோரத்தில், கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவில் சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம் இருக்கிறது. 4,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறன் கொண்ட நிலக்கரி நிலையம் அது. "இவ்வளவு பக்கத்தில் மின்நிலையம் இருந்தும் நமக்கு ஏன் இந்தக் கதி?" என்று கடைக்கு வருவோர் கேட்பதுண்டு. மின்நிலையத்தின் அண்மைக்கும் மின்னெழுச்சிக்கும் தொடர்பில்லை. அங்கிருந்து புறப்படும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகள், துணை நிலையங்கள், தெருக்கம்பங்கள் ஆகியவற்றைக் கடந்தே நம் கடைக்கு வருகிறது. அந்தப் பாதையில் எங்கு மின்னல் இறங்கினாலும் அதன் அதிர்வு நம்மை வந்தடையலாம். பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 1992 செப்டம்பரில் மின்கடத்துக் கட்டமைப்பின் ஓரிடத்தில் விழுந்த மின்னல், தீபகற்ப மலேசியாவையே இருளில் ஆழ்த்தியது.

மின்னெழுச்சி என்பது என்ன?

மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் முன்பு 240 வோல்ட்டாக இருந்தது. 2008 ஜனவரி முதல் 230 வோல்ட் என வகுக்கப்பட்டது. அதற்கு மேல் பத்து விழுக்காடும் கீழ் ஆறு விழுக்காடும் ஏற்கத்தக்கவை. அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை இயல்பு நிலை. அச்சு இயந்திரம் இதற்குள் எந்த அளவில் ஓடினாலும் தீங்கில்லை.

இந்த எல்லையைத் தாண்டும் கோளாறுகள் இரண்டு வகைப்படும். இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பலர் தவறான கருவியை வாங்குகிறார்கள்.

முதல் வகை மின்னெழுச்சி. மின்னல் கம்பியின்மீது நேரடியாக விழவேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் அதன் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். அது மிகக் குறுகிய நேரமே நீடிக்கும். தடுப்புக் கருவிகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் மாதிரி அலை 8 மைக்ரோ நொடியில் உச்சம் தொட்டு, 20 மைக்ரோ நொடியில் பாதியாகக் குறைகிறது. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இரண்டாம் வகை, நீடித்த மிகை அழுத்தம். கடைவீடுகளுக்குப் பெரும்பாலும் மும்முனை மின்சாரம் வருகிறது. இரு முனைகளுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும். நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்துவிட்டால், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300 வோல்ட்டுக்கு மேலும் வரக்கூடும். இது நொடிக்கணக்கில், ஏன் நிமிடக்கணக்கிலும் நீடிக்கும். மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியால் இதைத் தடுக்க முடியாது. அதுவே சூடேறி எரிந்துபோகும்.

இயந்திரத்திற்குள் நடப்பது

பேனர் அச்சிடும் இயந்திரத்தின் உயிர் அதன் அச்சுத் தலை. எப்சன் டிஎக்ஸ்5 என்ற பழகிய தலையை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு வரிசைகள், வரிசைக்கு 180 துளைகள் என மொத்தம் 1,440 துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையின் பின்னும் மின்துடிப்புக்கு வளையும் பீசோ தகடு இருக்கிறது. அது வளையும்போது மைத்துளி வெளியே தள்ளப்படுகிறது. அந்தத் துடிப்பு சில பத்து வோல்ட் அளவே. அதை உருவாக்கித் தருபவை மெயின் போர்டில் இணை இணையாக இருக்கும் டிரான்சிஸ்டர்கள்.

மின்னெழுச்சி முதலில் பவர் சப்ளையைத் தாக்குகிறது. ஃபியூஸ், மின்னழுத்த வரம்பி, டையோடு பாலம், விசை டிரான்சிஸ்டர் ஆகியவை அங்கே பலியாகும். அத்துடன் நின்றால் நல்லூழ். நிற்காவிட்டால் மெயின் போர்டுக்குள் பாய்ந்து, தலையை இயக்கும் டிரான்சிஸ்டரை உள்ளுக்குள் ஒட்டவைத்துவிடும். ஒட்டிக்கொண்ட டிரான்சிஸ்டர் துடிப்பைத் தராது, முழு மின்னழுத்தத்தையும் இடைவிடாமல் தலைக்குள் செலுத்தும். வெளியே பார்த்தால் போர்டு நலமாகவே தெரியும். விளக்கெல்லாம் எரியும். நான் ஏமாந்தது இங்கேதான். பவர் சப்ளையை மாற்றினோம், இயந்திரம் உயிர்பெற்றது. பழைய தலை அச்சிடவில்லை என்றதும் தலைதான் கெட்டது என முடிவுகட்டிப் புதியதை இணைத்தோம். பழையதைக் கொன்ற போர்டு புதியதையும் கொன்றது.

மின்னெழுச்சி இன்னொரு வாசல் வழியாகவும் வரும். அதுதான் கணினியிலிருந்து வரும் நெட்வொர்க் கம்பி. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு நெட்வொர்க் கம்பியை விட்டுவைப்பவர்கள் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பவர்கள் ஆவர்.

முதல் ஒரு மணி நேரம்

இடி விழுந்து மின்சாரம் போய்விட்டது. இயந்திரம் பாதி அச்சில் நிற்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலாவது, நம் உயிர். இடி தலைக்கு மேல் முழங்கும்போது கம்பிகளையும் இயந்திரத்தையும் தொடக்கூடாது. கடைசி இடியோசை கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே ஆபத்து நீங்கியதாகக் கொள்வது வழக்கம். தலை காய்ந்தால் கழுவிப் பார்க்கலாம். மனிதருக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, பிளக்கையும் நெட்வொர்க் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். விசையை அணைத்தால் போதாது. விசைக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டரே. ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு அது பெரிய தடையன்று.

மூன்றாவது, தலையை மூடிக்கு அனுப்புவது. இயல்பாக அணைக்கும்போது தலை ஓரத்திலுள்ள மூடியில் போய் அமரும். மின்சாரம் திடீரென்று போனால் நடுவழியில் நின்றுவிடும். கரைப்பான் கலந்த மை திறந்த காற்றில் விரைவில் காய்ந்து துளைகளை அடைக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கிய நிலையில், தலை இருக்கும் வண்டியைக் கையால் மெதுவாக மூடியின் மேல் தள்ளி அமர்த்த வேண்டும். மூடியை மோட்டார் தூக்கும் வகை இயந்திரமானால், பற்சக்கரத்தை விரலால் சுழற்றி மூடியை உயர்த்தலாம்.

நான்காவது, மின்சாரம் திரும்பியவுடன் இயந்திரத்தை இயக்காதிருப்பது. திரும்பும் தருணத்தில் தெரு முழுவதும் குளிரூட்டிகளும் மோட்டார்களும் ஒருசேர இழுக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும். சில வேளைகளில் மீண்டும் துண்டித்துத் திரும்பும். பத்து நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரால் அளந்து, 216க்கும் 253க்கும் இடையில் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகலாம்.

ஐந்தாவது, இயந்திரம் எழாவிட்டால் மறுபடி மறுபடி தட்டிப் பார்க்காதிருப்பது. மாமா அன்று விசையை மூன்று முறை தட்டினார். பாதி கெட்ட பவர் சப்ளைக்கு ஒவ்வொரு தட்டும் இன்னோர் அடி. ஒருமுறை எழவில்லை என்றால், கருகல் வாடை வந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பழுதுபார்க்கும் வரிசை

எங்கள் தவற்றுக்குப் பிறகு ஈப்போவிலிருந்து அனுபவமிக்க அண்ணன் ஒருவர் வந்தார். அவர் செய்த முதல் வேலை, தலைக்குப் போகும் பட்டைக் கம்பிகளைக் கழற்றியதுதான். "தலைய எப்பவும் கடைசியாத்தான் மாட்டணும்" என்றார். பாடநூலில் நான் படிக்காத பாடம் அது. அவர் பின்பற்றிய வரிசை இதுதான்.

முதலில், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடத்திற்கு மேல் காத்திருப்பது. பவர் சப்ளையின் பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லப் போதுமானது. மின்தேக்கி வடிந்துவிட்டதா என்று அளந்து பார்க்காமல் அவர் கைவைக்கவில்லை. பயிற்சி இல்லாதவர்கள் பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்காமல், முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்து, கம்பிகளைக் கழற்றுமுன் எல்லாவற்றையும் படம் பிடித்து வைப்பது. பிறகு பவர் சப்ளையைத் தனியே சோதிப்பது. பழைய பழுதுபார்ப்பவர்கள் இதற்கு 100 வாட் குண்டு விளக்கைத் தொடராக இணைப்பார்கள். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும். பவர் சப்ளை நலமாக இருந்தால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். கெட்டிருந்தாலும் மின்னோட்டத்தை விளக்கு கட்டுப்படுத்துவதால் வேறெதுவும் வெடிக்காது.

பவர் சப்ளை சரியான அளவைத் தருகிறது என்று உறுதியான பிறகே மெயின் போர்டு. மின்சாரம் இல்லாத நிலையில், தலையை இயக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் மல்டிமீட்டரின் டையோடு நிலையில் அளக்க வேண்டும். இரு பக்கமும் சுழியத்தை ஒட்டிக் காட்டினால் அது ஒட்டிக்கொண்டது என்று பொருள். இணையில் ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். போர்டில் உள்ள சிறு ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸையே வைக்க வேண்டும். கம்பியால் குறுக்கே இணைத்துவிடுவது தலைக்குக் கொள்ளி வைப்பதற்கு ஒப்பாகும்.

பட்டைக் கம்பிகளில் மை படிந்திருந்தாலோ முனை கருத்திருந்தாலோ அவற்றையும் மாற்ற வேண்டும். ஈரமான கம்பியே இன்னொரு குறுக்குச் சுற்றாகிவிடும். பிறகு தலை இல்லாமலேயே இயந்திரத்தை இயக்கி, வண்டி ஓடுகிறதா, கணினி இயந்திரத்தைக் காண்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் தேறிய பின் இயந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்னரே தலையை இணைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது பட்டைக் கம்பியைச் செருகுவதும் பிடுங்குவதும் கூடவே கூடாது.

இந்த வரிசையில் அவர் அளந்தபோது இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒட்டிக் கிடந்தன. மல்டிமீட்டர் எங்கள் கடையிலும் இருந்தது. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் நாங்கள் இழந்தது பல ஆயிரம் ரிங்கிட். பத்துப் பேனர்களில் ஆறு வேறு கடைக்குப் போயின.

தடுப்பு எங்கிருந்து தொடங்குகிறது?

பழுது நீங்கிய பிறகு அந்த அண்ணன் கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. "எர்த்து எங்க இருக்கு?" மலேசியாவில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் நிலத்தொடர்புக் கம்பி தனித்தனியே மண்ணில் புதைக்கப்படுகிறது. கடையின் பின்சந்தில் தேடினோம். செம்பு பூசிய கம்பி மண்ணில் நின்றது. அதில் இணைந்திருக்கவேண்டிய பச்சைக் கம்பி கவ்வியிலிருந்து விலகி, கால்வாய் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது விலகியதோ யாருக்கும் தெரியாது. மாமா விலை கொடுத்து வாங்கிய 'சர்ஜ் புரொடெக்டர்' நீட்டிப்புப் பலகை மின்னெழுச்சியை நிலத்துக்குத் திருப்பிவிட வழியே இல்லாமல் இருந்தது.

எனவே தடுப்பு மண்ணிலிருந்து தொடங்குகிறது. நிலத்தொடர்பின் மின்தடை 10 ஓமுக்குக் குறைவாக இருப்பது நல்லது. ஆற்றல் ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழைத்து அளக்கச் சொல்லலாம். பேனர் கடைக்கு இதில் கூடுதல் பயனும் உண்டு. பிளாஸ்டிக் துணி உருளும்போது எழும் நிலைமின்சாரமும் இவ்வழியே வடிந்துபோகும்.

இரண்டாம் அடுக்கு, டிபி பெட்டிக்குள் பொருத்தும் இரண்டாம் வகை எழுச்சித் தடுப்பி. அதனுள் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இயல்பான அழுத்தத்தில் மின்சாரத்தைத் தடுக்கும். அழுத்தம் மீறியவுடன் வழிவிட்டு நிலத்துக்கு அனுப்பும். இதைப் பொருத்தும்போது இணைப்புக் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டரைத் தாண்டக்கூடாது. மின்னெழுச்சியின் வேகத்தில் ஒரு மீட்டர் நேர்க்கம்பியே ஏறத்தாழ ஆயிரம் வோல்ட்டைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். அழகாகச் சுருட்டி வைத்த நீண்ட கம்பி நல்ல தடுப்பியையும் வீணாக்கிவிடும். இந்த வில்லைகள் ஒவ்வோர் அடியிலும் தேய்பவை. தடுப்பியின் சிறு சன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாம் அடுக்கு, இயந்திரத்தின் அருகில். கணினியும் அச்சு இயந்திரமும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் பெறவேண்டும். அப்போதுதான் இரண்டின் நிலத்தொடர்பும் ஒன்றாக ஏறி இறங்கும். நெட்வொர்க் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை பயன்படுத்தினால் அந்தப் பின்கதவு மூடப்படும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

ஸ்டெபிலைசர் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சீராக்கும். மைக்ரோ நொடியில் வந்துபோகும் எழுச்சியை அது உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நியூட்ரல் அறுவதால் வரும் மிகை அழுத்தத்திற்கு, அழுத்தம் எல்லை மீறியவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே தேவை. யுபிஎஸ் தரும் பெரிய நன்மை, மின்சாரம் போன பிறகும் தலையை மூடியில் அமர்த்த நேரம் தருவது. ஆனால் இயந்திரத்தின் சூடேற்றிகள் மிகுந்த மின்சாரம் இழுப்பவை. சில இயந்திரங்களில் அவற்றுக்குத் தனி மின்கம்பி இருக்கும். அப்படியானால் அதை யுபிஎஸ்ஸில் இணைக்கக்கூடாது.

காப்புறுதி எடுத்திருப்போர், மின்னெழுச்சியால் இயந்திரத்தின் உட்பாகங்களுக்கு நேரும் சேதத்தையும் பத்திரம் உள்ளடக்குகிறதா என்று தெளிவாகக் கேட்டறிவது நலம். மின்னல் என்ற சொல் பத்திரத்தில் இருப்பதாலேயே அனைத்தும் அடங்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

நிறைவாக

இத்தனை அடுக்குகள் இருந்தும் நேரடி மின்னலை எதனாலும் முழுமையாகத் தடுக்க இயலாது. அதற்கு ஒரே வழி, மேகம் கறுக்கும்போதே பிளக்கையும் நெட்வொர்க் கம்பியையும் பிடுங்கிவிடுவதுதான். மாமா இப்போது அப்படித்தான் செய்கிறார். பிற்பகல் நேர ஆர்டர்களைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். சுவரில் ஓர் ஆணி அடித்து, பிடுங்கிய பிளக்கை அதில் மாட்டுகிறார். ஆணியில் பிளக் தொங்குவதைப் பார்த்தால் வேலையாள் யாரும் இயந்திரத்தின் பக்கம் போகமாட்டார்கள்.

எழுச்சித் தடுப்பியும் அதைப் பொருத்தும் கூலியும், நாங்கள் எரித்த தலையின் விலையில் ஒரு சிறு பங்கே. தொங்கிக் கிடந்த பச்சைக் கம்பியைக் கவ்வியில் முடுக்க எந்தச் செலவும் ஆகவில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஊருக்கு வந்தால், வானொலி முதல் அச்சு இயந்திரம் வரை எல்லாம் அதற்குத் தெரியும் என்று நம் குடும்பங்கள் நம்புகின்றன. அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக நடந்துகொள்வது என்பது எல்லாம் தெரிந்தவர்போல் கைவைப்பதன்று, அளந்து பார்த்த பிறகு கைவைப்பதே ஆகும். உங்கள் உறவினர் யாரேனும் இத்தொழிலில் இருந்தால், அடுத்த விடுமுறையில் அவர்கள் கடையின் பின்சந்துக்குப் போய் அந்தப் பச்சைக் கம்பி அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே வயர்மேனை அழைக்கச் சொல்லுங்கள். அதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.